பொத்தான் டப்பா

சாந்தியாகோவிலிருந்து வந்த பையன்
ஈரக் குடையை அடுப்போரம் விரித்து வைத்துவிட்டு
முதலில் கேட்டது பூனையைப் பற்றி.
சின்ன வயதில் பூனைகளை ஏதாவது செய்வானா?
எல்லோரும் பூனையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இல்லை தம்பி.
எங்கள் பூனை கிழடாகிச் செத்தது
மாவுச் சாக்கின் மேல், தூக்கத்தில்.
ஒனோஃப்ரேதான் புதைத்தான்.
மழை தோண்டிப் போட்டுவிடுமென்று
உடைந்த படகுப் பலகையை மேலே வைத்தான்.
எழுதிக்கொள்ளுங்கள், பேனா ஏன் நிற்கிறது?

அப்பா அடித்தாரா?
அடித்தார். ஆப்பிள் மது புளிக்கும் மாதங்களில் கூடுதலாக.
படகுக் கயிறு, உப்பேறியது.
அவனுக்கு நாலென்றால் எனக்கு மூன்று,
பெண்பிள்ளை என்று ஒன்று தள்ளுபடி.
அந்த மூன்றை வைத்துக்கொண்டு
நாற்பது வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தினேன்.
இன்றைக்கும் ஒரு கோழியை
பக்கத்து வீட்டுக்காரிதான் அறுத்துத் தரவேண்டும் எனக்கு.

நானும் தேடியிருக்கிறேன்.
உங்களுக்கெல்லாம் முன்பே,
விளக்கணைத்த பிறகு,
அவன் பிள்ளைப் பருவத்தை
உருளைக்கிழங்கு மூட்டை போலத் தரையில் கொட்டி
அழுகல் எதுவென்று ஒவ்வொன்றாய் உருட்டி.
ஏழு வயதில் தேன் திருடியது.
ஒன்பதில் காய்ச்சல், இரண்டு நாள் பேச்சில்லை.
ஆட்டுக்குட்டி அறுக்கிற அன்று
கொல்லைக்கு ஓடிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றது.
எதை அழுத்தினாலும்
விரலுக்குக் கெட்டியாகவே இருந்தது.

மர ஆலையில் வேலை கிடைத்தபின்
ஞாயிறுதோறும் படகில் வருவான்.
அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு நூற்கண்டு,
சில ஞாயிறு ஒரு பொத்தான்.
வழியில் கிடந்தது என்பான்.
ரொசெந்தா, எங்கள் அம்மா,
எதையும் எறியத் தெரியாதவள்.
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள்.
வருடத்தில் பாதிக்குமேல் மழை பெய்கிற தீவில்
பொத்தானில்லாத கோட்டு என்றால்
பாதி நிமோனியா.

அந்தப் பச்சை,
நாலு துளை, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது.
என் கோட்டின் கழுத்துக்குத் தைத்தாள்,
நூலைப் பல்லால் கடித்து.
"உன் நிறத்துக்கு எடுப்பாயிருக்கிறது, ஹெர்மினியா."
இரண்டு குளிர்காலம் போட்டுக்கொண்டேன்.
பூசைக்கு. சந்தைக்கு.
செனைதாவின் மகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய இரவு
செனைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும்
அந்தக் கோட்டில்தான்.
அவள் அழவில்லை.
என் கழுத்தையே பார்த்தாள்.
துக்கத்தில் பார்வை எங்காவது
குத்திட்டு நிற்கும், அதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் போலீஸ் படகு.
சாப்பாட்டு மேசையில் டப்பாவைக் கவிழ்த்தார்கள்.
யாரும் கேட்காமலே அம்மா பிரிக்க ஆரம்பித்தாள்,
அவரை விதை பார்ப்பது போல:
இது அவன் அப்பாவுடையது. இது என் கல்யாண ரவிக்கை.
இது ஹெர்மினியாவின் ஞானஸ்நானம்.
மேசை மூலையில் கடைசியாக ஆறு மிஞ்சின.
அவற்றை விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்,
எங்கேயாவது ஒரு சட்டை ஞாபகம் வந்துவிடுமென்று.
அந்த விரலை
நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் ஏன் சொல்கிறேன்?

அதிகாரி கத்தரிக்கோலால் என் கழுத்துப் பச்சையை வெட்டி
உறையில் போட்டுக்கொண்டார்.
அம்மா எழுந்து ஊசி கோத்தாள்.
"வெளியே மழை, இவள் எப்படிப் போவாள்?"
குவியலிலிருந்து ஒரு வெள்ளையை எடுத்தாள்,
சின்னஞ்சிறியது.
அவன் ஐந்து வயதுச் சட்டையுடையது.
அவர்கள் முன்னாலேயே தைத்தாள்.
கை நடுங்கவில்லை.
அடுத்த மாதத்திலிருந்து எதையும் தைக்கவில்லை.

சின்ன வயதுப் படம் கேட்டீர்கள்.
படம் இல்லை, எல்லாம் அடுப்பில் போட்டாயிற்று.
அதோ, ஆணியில் தொங்குகிறது கோட்டு.
துளைக்குப் பொத்தான் சிறிது,
நடந்தால் இன்னமும் நழுவும்,
வழியெல்லாம் கையால் பிடித்துக்கொண்டே போவேன்.
பார்த்துக்கொள்ளுங்கள். தொடவேண்டாம்.

உங்கள் குடை காய்ந்துவிட்டது தம்பி.
நாலு மணிக்குப் படகு.