ஈரத் தாள்

மூன்று வாரச் செய்தித்தாள்களைக்
குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன்.
மரண அறிவிப்புகள், குளிர்கால டயர் விளம்பரம்,
உமியோ நகர மன்றத்தின் வாய்ச்சண்டை,
எல்லாம் ஒரே கூழ்.
தசைக்கு ஏறக்குறைய இதுதான் ஈடு என்கிறார்கள்.
எலும்புக்கு?
டொர்க்னி ஒரு பைன் பலகையைக் கொண்டுவந்து
தாள்கட்டின் நடுவே செருகினான்.
"தோள்பட்டை" என்றான்.
அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும்.

போன செப்டம்பர்.
சதுப்பின் ஓரம், எண்பது மீட்டர்,
பக்கவாட்டில் நின்றது மூஸ் காளை.
நான் குறி தவறவில்லை.
ஓராண்டாக இதைத்தான் சொல்லித் திரிகிறேன்,
சுடுதளத்தில், பெட்ரோல் நிலையத்தில்,
வாயைத் திறந்து வைத்திருந்த பல் மருத்துவரிடம்கூட:
குறி தவறவில்லை.
தோளெலும்பில் பட்ட குண்டு
மண்ணாங்கட்டிபோல அங்கேயே உதிர்ந்தது.
நுரையீரலுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.
அந்த ஒரு சாணுக்கு அதில் தெம்பில்லை.

துஸ்ஸா இரவெல்லாம் மோப்பம் பிடித்தாள்.
பிர்ச் பட்டையில் ரத்தம், பிறகு பாசியில்,
பிறகு எங்கும் இல்லை.
விடிந்தபின் கண்டோம்.
வயிறளவு நீரில், மூன்று காலில்.
எங்களைத் திரும்பிப் பார்த்தது என்று எழுதினால்
நன்றாக இருக்கும்.
பார்க்கவில்லை.
அக்கரையையே பார்த்தபடி நின்றது.

அறுக்கும்போது டொர்க்னி
என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.
நசுங்கிய செம்பு உறை, கிழிந்த சட்டைக் கழுத்துபோல.
"உன்னுடையது."
ஈஸ்ட் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
பத்து கிராம் போனது.
நான்கு கிராம் வந்தது.
மீதி ஆறு எங்கே?
எட்டுக் கிலோ இறைச்சியை வெட்டியெறிந்தோம்.
எறியாமல் விட்டதில் எவ்வளவு?
ஹில்தேவியின் பிள்ளைகள் அன்று
உருண்டைகளை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்கள்.

ஆக, இந்த ஆகஸ்டில் மூன்று பெட்டிகள்.
முதலாவது, கடைக்கார ஏவெர்ட் மெச்சியது.
நூறு மீட்டரில் ஐந்து துளைகள்
ஒரு குரோனா நாணயத்துக்குள் அடங்கின.
என்ன ஒழுங்கு! என்ன அழகு!
பலகையைத் தொட்டதும் பொடி.
டயர் விளம்பரத்தைக்கூடத் தாண்டவில்லை.
இரண்டாவது மாறாக,
ஊசிபோல நுழைந்து ஊசியாகவே வெளியேறியது.
வழியில் யாரையும் விசாரிக்கவில்லை.
மூன்றாவது முழுச் செம்பு.
துளைகள் பரந்து கிடந்தன, உள்ளங்கை அகலம்,
ஏவெர்ட் பார்த்தால் சிரிப்பான்.
ஆனால் தாளைக் கிழித்துக் கிழித்துத் தேடினால்
ஐந்தும் கிடந்தது ஏறத்தாழ ஒரே ஆழத்தில்,
நான்கு இதழ் விரித்து,
எடையில் ஒரு மணல் துகளும் குறையாமல்.

நாணயத்துக்குள் அடங்கும் துளை எனக்கு எதற்கு?
மூஸின் நெஞ்சு ஒரு அடுப்புக் கதவளவு.
அட்டையில் ஜெயிப்பது வேறு.
எலும்பைக் கடந்த பிறகும்
சொன்ன வேலை நினைவிருக்க வேண்டும்,
இன்றும், உறைபனியிலும்,
நான் பதறிய நாளிலும்.

அதே சதுப்பு. மழைத் தூறல்.
காளை நாற்பது அடி நடந்தது,
ஏதோ மறந்ததுபோல நின்றது,
முன்னங்கால் மடித்துப் படுத்தது.
துஸ்ஸாவின் வார் என் கையில்தான் இருந்தது,
அவிழ்க்க நேரமில்லை.

குண்டு இந்தப் பக்கம் புகுந்து
அந்தப் பக்கம் போய்விட்டது.
அதற்குப் பின்னாலிருந்த பாசியைக்
கத்தியால் கிளறினேன்,
மண்டியிட்டு, அரைமணி நேரம்.
டொர்க்னி கயிற்றோடு காத்திருந்தான்.
"எதற்கு?" என்றான்.
நிறுத்துப் பார்க்க, என்றேன்.
கிடைக்கவில்லை.

இரவு தராசைக் கழுவி
ஐம்பது கிராம் ஈஸ்ட் நிறுத்தேன்.
அந்த நான்கு கிராம் இன்னும்
சாவிக் கிண்ணத்தில் கிடக்கிறது.
ஒவ்வொரு முறை வண்டிச் சாவி எடுக்கும்போதும்
விரலைக் கீறுகிறது.