எறியாதே

முதலில் அது நடந்தது.
பின்சுவரோரம்தான் நிறுத்தியிருந்தேன்.
கடைசிப் பிழிதலில் கிடுகிடுவென்று குலுங்கி
குழாயை இழுத்துக்கொண்டு
கதவுவரை வந்து நின்றது,
செருப்பு தேடுகிற ஆளைப் போல.

கீழ்வீட்டு லலிதாபாய் மேலே வந்தாள்.
"ராத்திரியில கல்லு உடைக்கிறியாம்மா?"
கிருஷ்ணகிரியில் அது கேலி இல்லை,
நிஜமான சந்தேகம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து மெக்கானிக் வந்தார், முனிரத்தினம்.
மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.
"ட்ரம் ஸ்பிரிங் ஒண்ணு போயிருக்கு.
வண்டியில ஏத்தும்போது போல்ட் போடலியா?"

எந்த போல்ட்?

நான்கு விரல் காட்டினார்.
"கம்பெனியிலேர்ந்து வரும்போது
ட்ரம்ம ஆடாம பிடிச்சிட்டு இருக்கும்.
வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும்.
தூக்கி மட்டும் போடக்கூடாது.
மறுபடி வீடு மாறினா வேணும்ல."

தூக்கிப் போடவில்லை.
தருமபுரியில், பென்னாகரம் ரோட்டு வீட்டில்,
டிவிக்குக் கீழே இரண்டாவது டிராயரில்
காலாவதியான வாரண்டி அட்டையோடு
ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன.
கவர்மேல் என் கையெழுத்து:
வாஷிங் மெஷின். எறியாதே.

பிரிகிற நாளில் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?
விடியற்காலை ஆறுக்கே டாடா ஏஸ் வந்துவிட்டது.
பீரோ அவனுக்கு, மெஷின் எனக்கு.
கட்டில் அவனுக்கு, மெத்தை எனக்கு.
அந்த மெத்தையைத்தான் மெஷினுக்கு முட்டுக் கொடுத்தோம்.
இறக்கும்போது கடைசிப் படியில்
சம்பத்துக்கு விரல் நசுங்கியது.
அவன் சொல்லவில்லை.
நானும் பார்க்காத மாதிரி கயிற்றைப் பார்த்தேன்.
காரிமங்கலம் தாண்டியும்
ட்ரம் உள்ளே முட்டிக்கொண்டே வந்தது,
டங், டங்.
டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

ஸ்பிரிங்குக்கு எண்ணூறு.
அடியில் போட, பர்கூர் ரோட்டுப் பட்டறையில்
மூலை உடைந்த கிரானைட் பலகை, நூற்றைம்பது.
ரசமட்டம் மறந்து வந்த முனிரத்தினம்
டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டார்.
குடிக்க என்று நினைத்தேன்.
மெஷின்மேல் வைத்து, குனிந்து,
தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பார்த்து
முன்கால் இரண்டையும் திருகினார்.
பிறகு அதையே குடித்தார்.
"உப்புத் தண்ணி" என்றார்.

அடுத்த வாரம் தண்ணீர் வரவில்லை என்று கத்தியது.
தொட்டி என் தலைக்கு நாலடி உயரத்தில்.
குழாயில் நூல்மாதிரி ஒழுகியது.
பவுடர் தட்டைத் திறந்து
குடம் குடமாக ஊற்றினேன்.
மெஷினுக்குத் துவைத்துக் கொடுப்பது நானா
எனக்கு அதுவா என்று புரியவில்லை.

வடிகால் அடைத்த அன்று
கீழ்மூலைச் சின்ன மூடியைத் திருகினேன்.
தட்டம் வைப்பதற்குள் சமையலறை முழுக்கத் தண்ணீர்.
வடிகட்டியில்
சாம்பல் நிறப் பஞ்சு,
இரண்டு ரூபாய்க் காசு,
ஊக்கு,
நீலச் சட்டைப் பொத்தான்.
இந்த வீட்டில் நீலச் சட்டை கிடையாது.

அன்று ராத்திரி போட்டோ ஒன்று வந்தது.
அதே கவர். அடியில் ஒரே ஒரு கேள்வி:
என்ன செய்ய?

'எறிந்துவிடு' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மெஷினில் இன்னும் நாற்பத்தொரு நிமிஷம் இருந்தது.
'பஸ்ஸில் கொடுத்தனுப்பு' என்றேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில்
கண்டக்டர் சீட்டுக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
மாடியேறும்வரை பிரிக்கவில்லை.

மூன்று பழையவை, லேசாகத் துரு.
நான்காவது புதுசு, எண்ணெய்ப் பசையோடு.
எங்கேயோ ஒன்றைத் தொலைத்திருக்கிறான்.
ஹார்டுவேர் கடையில் போய் நின்று
இரண்டு விரலை அகட்டி
'இவ்வளவு இருக்கும்' என்று கேட்டு வாங்கியிருக்கிறான்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அரை விரல் குட்டை.
மரையும் சேராது.

நான்கையும் அதே கவரில் போட்டு வைத்தேன்.