நூற்றைம்பதில் நின்ற முள்

முதல் வடிவத்தில் என் முட்கள்
சொன்ன பேச்சு கேட்டன.
நூற்றைம்பது மீட்டர் என்றால் நூற்றைம்பது.
வடக்கு என்றால் வடக்கு.
டோர்ஸ்டி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு
கணினியைவிட்டு நாற்காலியைத் தள்ளினான்.
"இது விமானமில்லை, இர்மெலி.
ரயில் நிலையக் கடிகாரம்."

பிப்ரவரி. குவோப்பியோவில் ஏரி
லாரி தாங்குமளவு உறைந்திருந்தது.
கொட்டகையில் அவனுடைய இரட்டைச் சிறகு விமானம்,
நாற்பத்தொன்றில் செய்தது,
மூக்கில் போர்வை சுற்றிக்
காய்ச்சல்காரனைப்போல் நின்றது.
ஏறி உட்கார் என்றான்.
இருக்கையின் குளிர் இரண்டு கால்சட்டைகளைக்
கடந்து வந்தது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்:
எண்ணெய் அழுத்த முள் உடனே எழவில்லை.
கெட்டித்த எண்ணெய் மெல்லிய குழாயில்
ஊர்ந்து வந்து சேரும்வரை
சுழியத்திலேயே படுத்திருந்தது.
நான் பதினொன்றுவரை எண்ணினேன்.
டோர்ஸ்டி எண்ணவில்லை. அவன் கை மட்டும்
எஞ்சினை நிறுத்தும் விசைமேல் இருந்தது.

எரிபொருளுக்கு ஒரு தக்கை, அதன்மேல் ஒரு கம்பி.
பனிப்பாதையின் ஒவ்வொரு மேட்டுக்கும்
தொட்டி நிறைந்தது, காலியானது, நிறைந்தது.

மேலே போனதும் திசைகாட்டி.
வடக்கே பறந்தவர்கள் கிழக்கே சாய்ந்தோம்.
அது மேற்கைக் காட்டியது,
துளி வெட்கமில்லாமல்.
இந்த ஊரில் பூமியின் காந்தம்
ஏறக்குறைய செங்குத்தாகக் காலடிக்குள் இறங்குகிறது.
முள்ளுக்குத் தொடுவானத்தில் ஆசையில்லை,
தரைக்குள் பார்க்கத்தான் ஆசை.
நிமிர்ந்து பறக்கும்வரை மறைத்து வைக்கிறது;
சாய்த்தால் வெளியே தெரிந்துவிடுகிறது.
அந்தப் பொய்க்கும் ஒரு கணக்கு உண்டு.
எனக்கு மூன்று இரவு பிடித்தது.

இரண்டாம் வடிவத்தை
என் சமையலறையில் ஓட்டினான்.
வறுத்த மீன் தட்டைத் தள்ளிவைத்து,
விரல் துடைத்து.
குளிர்ந்த எண்ணெய்க்குத் தலையசைத்தான்.
திசைகாட்டியைப் பார்த்துச் சிரித்தே விட்டான்.
பிறகு நடுவானில் எஞ்சினை அணைத்தேன்,
அவனிடம் சொல்லாமல்.

அவன் கை நீண்டது.
ஆள்காட்டி விரலின் நகம்
என் திரையை இருமுறை தட்டியது,
உயரமானியின்மேல்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எஞ்சின் உதறுவதால்தான் முள் ஓடுகிறது," என்றான்.
"உதறல் நின்றால் அச்சில் ஒட்டிக்கொள்ளும்.
ஒருமுறை ஏரிக்குமேல் எனக்கு நின்றது.
காற்றின் சத்தம் மட்டும்.
முள் நூற்றைம்பது என்றது.
நம்பினேன். எவ்வளவு நேரம் நம்பினேனோ.
நாணல் தனித்தனியாகத் தெரிந்தபோது
தட்டினேன்.
தொண்ணூறு."

மீன் ஆறிப்போயிருந்தது.
அதன் முள்ளை எடுத்துத் தட்டோரம்
வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு உராய்வைச் சேர்த்தேன்.
நடுங்கும்வரை உண்மை பேசு,
அமைதி வந்தால் கடைசியாகச் சொன்னதையே சொல்.
பன்னிரண்டு வரி.
தட்டுவதற்கு விசைப்பலகையில் ஒரு விசை.

வெளியிட்ட வாரம் புகார்கள் வந்தன.
எண்ணெய் முள் சோம்பேறி.
திசைகாட்டி குடித்திருக்கிறது.
லப்பேன்ரந்தாவிலிருந்து ஒருவர்,
பெயர் போடவில்லை:
எஞ்சின் நின்றது, உயரமானியும் நின்றது,
பிழை, உடனே சரிசெய்யவும்.

கண்ணாடியைத் தட்டுங்கள் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில்:
தட்டினேன்.
மரங்கள்.