தோல், எண் நான்கு

பத்து வருஷம் பட்டுச்சேலை மடித்தவள் நான்,
உஸ்மான் சாலையில், நான்காவது மாடியில்.
அதனால் இந்த வேலைக்கு வந்த அன்றே
திரையில் ஓடிய எண்களை
என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன்:
வெங்காயச் சருகு. மாந்துளிர். மயில்கழுத்து.
மூக்குப்பொடி.
எபனேசர் சார் சிரித்தார்.
"ஹீரோவுக்கு முந்தானை உண்டா?"
உண்டு சார்.
முதுகில் பறக்கிறதே, அது பின்னே என்ன?

அந்த முந்தானைக்குத்தான் ஒன்பது நாள் பஞ்சாயத்து.

சிவப்பு போட்டேன்.
"ஊர்வலம் போறவன் மாதிரி இருக்கான்."
சிவப்புக்குக் கறுப்புக் கரை வைத்தேன்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
பச்சைக்கு, "தேர்தல் வருதும்மா."
காவி என்று நான் வாயே திறக்கவில்லை,
கும்பிட்டுவிட்டார்.
மஞ்சளில் அவன் ஆட்டோக்காரன் ஆனான்.
எனக்குப் பிடித்திருந்தது.
மீட்டருக்கு மேல் கேட்காத ஒருத்தன் பறந்துவந்தால்
இந்த ஊர் நம்பாதா என்ன?
"நம்பாது" என்றார்.

நீலம் வைத்தபோதுதான் குரல் இறங்கியது.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
எல்லா வீட்லயும் வாங்கணும்ல."
எந்த வீடு வாங்காது என்று நான் கேட்கவில்லை.
வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில்
அந்த நீலத்தில்தான் கோட்டு போட்டு
ஒருவர் விரல் நீட்டி நிற்கிறார்,
கம்பிக் கூண்டுக்குள்.

கடைசியில் பொன்னிறம்.
யாருக்கும் கோபம் வராத
கல்யாண மண்டப வாசல் பொன்னிறம்.

வில்லனுக்குக் கூட்டமே போடவில்லை.
கோப்பிலேயே வந்திருந்தது:
தோல் எண் ஒன்று நாயகன்.
இரண்டு அவன் காதலி, ஒரு சொட்டுப் பால் கூடுதல்.
மூன்று பொதுமக்கள்.
நான்கு, கரிமுகன்.
உடை: அழுக்குப் பச்சை.

நான்கை எடுத்து அவன் முகத்தில் ஊற்றினேன்.
மவுஸ் பிடித்த என் கையும்
அதே எண்ணில் இருந்தது.

கடையில் மேனேஜர் பாடம் ஒன்று உண்டு:
நிறம் கம்மியானவங்களுக்குப் பளிச்சுனு எடுத்துப் போடாதே.
அவர் சாப்பிடப் போனதும் நான் போடுவேன்,
வாடாமல்லியை, தோள் நிறைய.
கண்ணாடி முன்
அவர்கள் கழுத்து ஒரு அங்குலம் நிமிரும்.
சிலர் விலை கேட்காமலே வாங்கினார்கள்.
சிலர் வாங்காமல், ஆனால்
படியிறங்கும்வரை நிமிர்ந்தே போனார்கள்.

தோலை நான் தொடவில்லை. வெளுக்கவில்லை.
அழுக்குப் பச்சையை மட்டும் உருவிவிட்டு
கரிமுகனுக்கு வாடாமல்லி கட்டினேன்,
மாந்துளிர்க் கரையோடு.
"வில்லனுக்கு எதுக்கும்மா இவ்ளோ எடுப்பு?"
கண்ணை உறுத்தணும்ல சார், என்றேன்.
அச்சுக்குப் போய்விட்டது.

நந்தனம் புத்தகக் காட்சி.
மதிய வெயில் தகரக் கூரையில் வறுபட
அட்டையை முதலில் எடுத்தவன் ஒரு பையன்.
பொன்னிற முந்தானையைப் பார்த்துக் கேட்டான்:
"யாருக்கா இந்தக் கவுன்சிலர்?
பொன்னாடையோட பறக்குறாரு?"
எபனேசர் சார் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

பின்னால் நின்ற அவன் தங்கை
எதுவும் பேசவில்லை.
வாடாமல்லிமேல் விரல் வைத்திருந்தாள்.
விரலுக்கும் முகத்துக்கும் ஒரே எண்.
"இவரு கடைசிப் பக்கத்துல செத்துடுவாரா?"

வாங்கிப் படிச்சுப் பாரு என்று சொல்லியிருக்கலாம்.
விற்பனை அப்படித்தான்.
"அடுத்த இதழுக்கு" என்றேன்,
"இன்னும் கலர் போடல."