முழுப்பேர்

இந்தப் பாட்டுகளில் கேட்கும் இரைச்சலை
நாங்கள் போடவில்லை.
எர்த் இல்லாத லயத்து வயர்.
கிடாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால்
உதட்டில் சுளீரென்னும்.
அந்தச் சுளீரும் டேப்பில் ஏறியிருக்கிறது.

பதினொன்றேகாலுக்கு
ஃபெக்டரியில் ரோலர் சுழலத் தொடங்கும்.
பல்ப் மஞ்சளாகிக் கூசும்.
மஸ்கெலியா டவுனில் பேரம் பேசி வாங்கிய
கெசட் ரெக்கோடருக்கு மூச்சிளைக்கும்.
அது இளைத்த இடத்தில்
திருப்பிப் போட்டுக் கேட்டால்
பாட்டு ஓட்டம் பிடிக்கும்,
நாய் துரத்தினாற்போல.

பேஸுக்கு மூன்று தந்தி.
நாலாவது இருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.
ட்ரம் என்பது ரங்குப்பெட்டி, மூடியில் ஈரச் சாக்கு.
சுகிர்தன் கொழும்பில் புடவைக்கடை.
போயா லீவுக்கு பஸ் ஏறி வந்து
முழங்கை வலிக்க அடித்துவிட்டுப் போவான்.
குழுவின் பெயர்: தொங்கக் காம்பரா.
ஆள் இரண்டு.

மூன்றாம் பாட்டில்
இரண்டாவது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னால்
பலகைத் தட்டியில் மூன்று குத்து.
அப்புறம் பக்கத்துக் காம்பரா புஸ்பமணி அக்கா:
"நிப்பாட்டுடா! நாளைக்கு வெள்ளன பெரட்டு!"

திரும்ப வாசிக்கத் தெம்பில்லை.
டேப்பும் முடியப்போனது.
அப்படியே விட்டோம்.

முதல் மாதம் பதினொரு தடவை கேட்கப்பட்டது.
அதில் ஆறு நான், மூன்று சுகிர்தன்.
மீதி இரண்டு யாரென்று இன்னும் யோசிக்கிறேன்.
பிறகு ஒரு மழைக் கிழமை,
வீதி சரிந்து பஸ் இல்லாத நாட்களில்,
அது நாலாயிரமாகியிருந்தது.
லைப்சிக்கிலிருந்து ஒருவன் எழுதினான்:
அடியில் ஓடும் அந்த முனகல்
எந்தக் கருவியில் எடுத்தது?
மின்சார சபை என்றேன்.
எங்கே வாங்கலாம் என்று கேட்டான்.

இன்னொருவன் வீடியோ அனுப்பினான்.
ஏதோ ஒரு நிலவறை.
முப்பது நாற்பது பேர், கறுப்புச் சட்டை, வேர்வை,
பிளாஸ்டிக் கப்பில் பியர்.
எங்கள் மூன்றாம் பாட்டு.
தரையில் எல்லோரும் சேர்ந்து மூன்று உதை,
பிறகு கழுத்து நரம்பு புடைக்க:
"நிப்பாத்துதா! நாலைக்கு வெல்லன பெரத்து!"

ஒருவரும் நிப்பாட்டவில்லை.

அக்காவிடம் காட்டினேன்.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கை,
கறை ஏறிய விரல்.
போனைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.
இன்னொருக்கா போடச் சொன்னாள்.
"இதுகளுக்கும் வெள்ளன பெரட்டா?"

பிறகு, "காசு வந்திச்சா?"
முப்பத்தெட்டு டொலர்.
பிறகு, "எம் பேர் போட்டியா?"

நான் பேசவில்லை.
அவள் பேசினாள்.
"நேத்து ரெண்டு கிலோ கொறஞ்சதுன்னு
அரப்பேர் போட்டான் கணக்கப்புள்ள.
நீயும் அரப்பேர் போட்றாத."

அன்றிரவே தட்டினேன், போன் எழுத்தில்:
கிடார், பேஸ், நான்.
ரங்குப்பெட்டி, சுகிர்தன்.
குரல், சன்னாசி புஸ்பமணி.
முழுப்பேர்.
காசில் மூன்றில் ஒன்று.
எண்ணினாள்.
சுகிர்தனின் பங்கையும் கேட்டுச் சரிபார்த்தாள்.

நேற்று நாலாம் பாட்டு எடுத்தோம்.
ரோலர் சுழன்றது, பல்ப் கூசியது,
ரெக்கோடர் இளைத்தது.
மூன்று குத்து வரவில்லை.
அதற்கென்று நான் விட்டிருந்த இடத்தில்
தகரத்துத் தூறல் மட்டும்.
தட்டிக்கு அந்தப் பக்கம்
கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது;
முழித்துத்தான் கிடக்கிறாள்.

கடைசித் தந்தி அடங்கி
ஸ்டொப்பை அமுக்கக் கை போனபோது
பலகை இடுக்கில், மெதுவாக,

"தம்பி, நா எப்ப கத்தணும்?"