நடுவில் இல்லாத பெயர்

மழை விட்ட சனிக்கிழமை, பலோன் சந்தையில்
துருப்பிடித்த சாவிகளுக்கும் யாருடையதோ பல்செட்டுக்கும்
இடையே கிடந்தது.
தேன் நிறம், அதில் கறுப்பு நரம்பு ஓடும் செல்லுலாய்டு.
விற்றவன் எண்பது யூரோ கேட்டான்.
பெயருக்குப் பக்கத்தில் கீறல் இருக்கிறதே என்றேன்.
அறுபத்தைந்துக்குத் தந்தான்.

அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினேன்:
செத்திமோ பட்டறைப் பேனா.
பட்டனை அழுத்தி மை நிரப்பும் வகை.
முள்ளில் தங்கம் இல்லை, எஃகு.
ஆகவே முப்பத்தைந்துக்குப் பிறகு,
கல்யாண மோதிரம்வரை
அரசு தங்கம் திரட்டிய பிறகு.
உடலில் பொறித்த பெயர்: கவாலோத்தோ.
பொறிப்பு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது;
அச்சடித்தவனுக்குத் தூக்கக் கலக்கம்.

தூக்கக் கலக்கத்தைப் பரப்பியது நான்தான்.
பதினோரு ஆண்டுகள்.
காசாலேயில் பல் மருத்துவர் பெர்னெங்கோவிடம் ஒன்று,
ஜெனோவாவில் துறைமுகக் கணக்குப் பார்க்கும்
மரிலேனாவிடம் இரண்டு,
எல்லாமே இடப்பக்கம் ஒதுங்கியவை.
இத்தனை பேனாவுக்குமா ஒருவனுக்குத் தூக்கம் வரும்
என்று யாரும் கேட்கவில்லை.
நானும்.

உடலை விரலால் சூடேறத் தேய்த்து முகர்வேன்.
கற்பூரம்.
அசல்தான் என்று பெட்டியில் வைப்பேன்.
கழுதை என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம்;
வாசனை மூக்கிலேயே இருந்தது.

தூரினில், ஆவணக் கூடத்தில்,
ஓர்சோலினா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
ஒரு மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றாள்.
பேனா செய்தவர்களின் கணக்கேடு
பென்சிலில் எழுதியிருந்தது.
சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முள், நூற்று நாற்பது.
ரப்பர் பை, இரண்டு குரோஸ்.
கடைசல் இயந்திரத்துக்கு வார்.
வார் மறுபடியும்.
பிறகு முப்பத்தெட்டு டிசம்பரில்
ஒரே ஒரு வரி, மையில்:
பொறிப்பு அச்சின் வலப்பக்கத்தை அரத்தால் ராவ,
ஜியாகெரோவுக்கு, மூன்று லிரா.

முந்தைய பக்கத்தின் தலையில் பட்டறையின் பெயர்
முழுதாக இருந்தது:
கவாலோத்தோ & ஃபோவா.
பக்கத்தைப் புரட்டினால் பாதி.

அதற்கு முந்தைய மாதம்தான் யூதர்மேல் சட்டம் வந்திருந்தது.
அதுவும் நூறு பேர் வேலைசெய்யும் ஆலைகளைச் சொன்னது.
இங்கே சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர்.
கேட்குமுன்பே கொடுத்திருக்கிறார்கள்.
புது அச்சுக்குக் காசு இல்லையோ, எஃகு இல்லையோ,
இருந்ததை ராவினார்கள்.
மிஞ்சிய பெயரை நடுவுக்கு நகர்த்த வழியில்லை.

அந்த மை வரி யாருடைய கை?
பென்சில் பிடித்த கை இல்லை.
கவாலோத்தோ எழுதியிருக்கலாம்.
ஃபோவாவே எழுதியிருக்கலாம்,
ஒன்பது பேரின் கூலியை நினைத்து.
ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்து வேறு இல்லை.
மணி ஒன்று அடித்தது.

பெர்னெங்கோவுக்குத் தொலைபேசினேன்.
அப்படியானால் நம்முடையது வகை இரண்டு என்றார்.
வகை ஒன்று கண்ணில் பட்டால் விடாதே,
நாலு மடங்கு போகும்.
ஃபோவாவின் முதல் பெயரை அவர் கேட்கவில்லை.

லெலியோ.
பதிவேட்டில் தொழில்: முள் தீட்டுபவர்.
என் பேனாவின் நுனியைத் தீட்டியது அவர் விரலாக இருக்கலாம்,
முள்ளை டிசம்பருக்கு முன்பே தீட்டி
டப்பாவில் போட்டிருந்தால்.
பேனாக்களுக்குத் தேதி சொல்பவன் என்றுதான் எனக்குப் பெயர்.
இதற்குச் சொல்ல முடியவில்லை.
எழுதிப் பார்த்தேன்:
கீழிறங்கும்போது பட்டையாகவும்
ஏறும்போது மயிரிழையாகவும் போகிறது கோடு,
எங்கும் திக்காமல்.

விளக்கைச் சாய்த்து வைத்து
பூதக்கண்ணாடியில் அந்தக் கீறலைப் பார்த்தேன்.
கவாலோத்தோவின் கடைசி எழுத்துக்குப் பின்னால்
அரத்துக்குத் தப்பிய சின்ன வளைவு.
& குறியின் பாதம்.

குறிப்பேட்டில் தூக்கக் கலக்கத்தை அடித்தேன்.
அடுத்த வரி அப்படியே இருக்கிறது:
கீறல் ஒன்று.
அதற்காகப் பதினைந்து யூரோ குறைத்தேன்.