இரண்டு குப்பிகள்

கப்பலில் இதெல்லாம் பெட்டி பெட்டியாய் வரும்.
மூடியைத் திருகினால் போதும்.
குலசேகரத்தில், விடுப்பின் மூன்றாம் மழைநாளில்
என்னிடம் இருப்பவை
ரப்பர் ஷீட் நிறுக்கிற கடையில் கேட்டுவாங்கிய சின்னத் தராசு,
அடி கறுத்த ஒரு சருவம்.

சீனியும் தண்ணீரும் எடைக்கு எடை.
கொதிக்க விடக்கூடாது.
கொதித்தால் பாகு, பாகென்றால் அதிரசம்.
எனக்கு வேண்டியது
ஐஸ்கட்டிக்கு நடுவிலும்
அடியில் போய்க் குந்திக்கொள்ளாத இனிப்பு.

மார்த்தாண்டத்துத் தேன் அப்படித்தான் குந்தும்.
ரப்பர் தளிர்த்த மாசியில் எடுத்தது.
மூன்று பங்குக்கு ஒரு பங்கு வெந்நீர் விட்டதும்
சொன்ன பேச்சு கேட்டது.

கருப்பட்டி கேட்கவில்லை.
மூன்று தடவை வடித்தேன்.
துணியில் மணல், ஓலைத் துணுக்கு, ஓர் எறும்பு.
நிறம் பழைய ரம்.
அடுப்படி முழுக்கப் புகைமணம்,
எந்த நாட்டு மரப்பீப்பாயிலும் நான் மோந்திராதது.

பிறகு ஜாதிக்காய்.
கொட்டைக்கும் பத்திரிக்கும் வியாபாரி வந்துவிடுவான்.
தோடு மரத்தடியிலேயே கிடந்து அழுகும்.
பொடிப்பொடியாய் நறுக்கி
சீனிக்குள் புதைத்து மூடிவைத்தேன்.
காலையில் சீனி அழுதிருந்தது.
இல்லை, அழுதது தோடு.
சீனி குடித்திருந்தது.

இரண்டு குப்பி நிறைந்தது.
கெடாமலிருக்க ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி வோட்கா.
அடையாளத்துக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டினேன்.
வோட்கா உள்ளதிலா, இல்லாததிலா?
உச்சைக்குச் சோறு தின்று எழுந்தபோது
அது மறந்திருந்தது,
ஃப்ரிட்ஜில் ஒரு குப்பிதான் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை.
முன்னறையில் தங்கச்சி ரெஜிலாவின் ஜெபக்கூட்டம்.
நாரங்காய் பிழிந்து, உப்பு ஒரு நுள்ளு போட்டு,
பதினான்கு பெண்களுக்குப் பதினான்கு தம்ளர்.
"அண்ணன் செஞ்ச சர்வத்து."
பாஸ்டரம்மா இரண்டாவது தம்ளர் வாங்கினார்.
"தோட்டுலயா இம்புட்டு ருசி?
கர்த்தர் எதையும் சும்மா படைக்கல்ல, பாத்தியளா."

காலிக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.
ரப்பர் வளையம்
தாள் கழன்ற பாட்டுப்புத்தகத்தைச் சுற்றியிருந்தது.

கதவோரம் நின்று கணக்குப் போட்டேன்.
பதினைந்து மில்லி, பதினைந்து தம்ளர்.
ஆளுக்கு ஒரு மில்லி.
பாஸ்டரம்மாவுக்கு இரண்டு.
வழக்கத்தைவிடப் பாட்டு கொஞ்சம் உரத்துக் கேட்டது.
மழைக்காக உரத்தும் பாடியிருக்கலாம்.

மிச்சக் குப்பியில் விரலைத் தொட்டு
நாக்கில் வைத்தேன்.
பதினொரு வருடம் கலக்கிக்கொடுத்த நாக்கு.
ஜாதிக்காய், ஜாதிக்காய்,
அப்புறம் மெதுவாய் ஒரு சூடு.
அது கிராம்பாகவும் இருக்கலாம்.
கிராம்பு போட்டேனா?

செருப்புகள் எல்லாம் போனபிறகு ரெஜிலா வந்தாள்,
நனைந்த தலையோடு, இடுப்பில் ஒரு கடவம்.
"அடுத்த வெள்ளிக்குக் கூடுதலா செய்யணும், கேட்டியா.
தோடு பெறக்கிட்டு வந்திருக்கேன்.
இதே மாதிரி இருக்கணும்.
ஒண்ணும் மாத்திரப்பிடாது."